அலைகளின் கதை – 11: காந்தக் கோட்டின் கீழே ஓர் ஊர்

சென்ற பகுதியில் கல்கத்தாவில் இருந்தோம். 1920-களின் தொடக்கத்தில் அமரேந்திர சந்திர குப்து, முகுல் போஸ் ஆகியோர் இந்தியாவின் முதல் அமெச்சூர் வானொலி நிலையங்களை நடத்தியதைப் பார்த்தோம். இரண்டாம் உலகப் போர் வந்ததும் அமெச்சூர்களின் டிரான்ஸ்மிட்டர்களுக்குத் தடை விழுந்தது. போர் முடிந்த பிறகு, 1948-ல், மவ் ராணுவ நகரில் அவர்களுக்கென்று ஒரு சங்கம் பிறந்தது. அதெல்லாம் மனிதர்களின் கதை. இந்தப் பகுதி ஆகாயத்தின் கதை. அதைச் சொல்ல இந்தியாவில் பொருத்தமான ஊர் ஒன்றுதான் உண்டு. அது திருவனந்தபுரம்.

ஹாம்கள் எனப்படும் இந்த அமெச்சூர் ரேடியோக்காரர்கள் '10 மீட்டர் பேண்ட்' என்று சொல்வது 28 மெகாஹெர்ட்ஸிலிருந்து 29.7 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைப் பட்டை. சிற்றலைகளில் இதுதான் மேல் விளிம்பு. சூரியன் அமைதியாக இருக்கும் ஆண்டுகளில் அங்கே இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்காது. பதினோரு ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியப் புள்ளிகள் பெருகும்போது அதே பட்டை உயிர்பெற்றுவிடும். தென்னைக்குத் தென்னை இழுத்துக் கட்டிய டைபோல் கம்பியும், சாதாரண மின்விளக்கு ஒன்றுக்கு ஆகும் மின்சாரமும் போதும். காலையில் ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் வரும். பொழுது சாயச் சாய ஐரோப்பா வரும், ஆப்பிரிக்கா வரும். பேண்ட் 'திறந்திருக்கிறது' என்பார்கள்.

திருவனந்தபுரத்தில் இந்தத் திறப்புக்குத் தனிக் குணங்கள் உண்டு. சூரியன் உச்சியில் நிற்கும் நண்பகலில் சிக்னல்கள் கூட வேண்டும். இங்கே பல நாள்களில் நண்பகலை ஒட்டி ஒரு தொய்வு விழும். பிற்பகலில் மறுபடி ஏறும். சூரியன் சங்குமுகம் கடலில் இறங்கி ஒரு மணி நேரம் ஆனதும் இன்னொன்று நடக்கும். அதுவரை தெளிவாக வந்த குரல்கள் படபடக்கத் தொடங்கும். பேசுபவர் நீருக்கடியிலிருந்து பேசுவதாகத் தோன்றும். மோர்ஸ் குறியீட்டின் தூய ஓசை சொரசொரப்பாகிவிடும். மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இது மிகுதி. சூரியப் புள்ளிகள் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இன்னும் மிகுதி. டெல்லியில் இருக்கும் ஹாம் ஒருவர் இந்தப் படபடப்பை இதே அளவில் அனுபவிப்பதில்லை.

காரணம் தலைக்கு மேலே இருக்கிறது. அதை இந்த ஊர் கண்டுபிடித்த வரலாறு ரேடியோ பிறப்பதற்கு வெகு முன்பே தொடங்குகிறது.

1830-களில் ஜான் கால்டிகாட் என்ற ஆங்கிலேயர் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராக ஆலப்புழையில் இருந்தார். வானியலில் ஆர்வம் கொண்டவர். சொந்தக் கருவிகளில் வானத்தைப் பார்த்துக் குறித்து வந்தார். சமஸ்தானத்துக்கு ஒரு வானாய்வுக்கூடம் வேண்டும் என்ற அவருடைய யோசனையை மன்னர் சுவாதித் திருநாள் ஏற்றுக்கொண்டார். கீர்த்தனைகளால் நாம் நினைவில் வைத்திருக்கும் அதே சுவாதித் திருநாள்தான். 1837-ல் ஊரின் நடுவிலுள்ள குன்றின்மேல் கட்டடம் எழுந்தது. கால்டிகாட் அதன் முதல் இயக்குநரானார். அந்த இடத்துக்கு இன்றும் அப்சர்வேட்டரி ஹில் என்றுதான் பெயர். தொலைநோக்கிகளோடு காந்தக் கருவிகளும் வந்தன. பூமியின் காந்தப் புலத்தை உலகெங்கும் ஒரே காலத்தில் அளக்க வேண்டும் என்ற பெரு முயற்சி அப்போது ஐரோப்பாவில் தொடங்கியிருந்தது. காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருந்த திருவனந்தபுரம் அதற்கு அரிய இடம்.

காந்த நடுக்கோடு என்பது நிலநடுக்கோடு அல்ல. காந்த ஊசியை மேலும் கீழும் அசையும்படி தொங்கவிட்டால் வடக்கே போகப் போக அதன் வடமுனை கீழே சாயும். தெற்கே போனால் தென்முனை சாயும். எங்கே ஊசி எந்தப் பக்கமும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கிறதோ அங்கே ஓடுவது காந்த நடுக்கோடு. நிலநடுக்கோடு இலங்கைக்கும் தெற்கே, நடுக்கடலில் போகிறது. காந்த நடுக்கோடோ இந்தியாவின் தென்முனையைத் தொட்டுக்கொண்டு போகிறது. அது ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. ஆண்டுக்கு ஆண்டு மெல்ல நகர்கிறது. ஆனாலும் கடந்த இருநூறு ஆண்டுகளில் திருவனந்தபுரத்தை விட்டு அது வெகுதூரம் போய்விடவில்லை.

கால்டிகாட் 1849-ல் திருவனந்தபுரத்திலேயே இறந்தார். 1852 ஜனவரியில் அவர் இடத்துக்கு வந்தவர் ஜான் ஆலன் ப்ரூன், ஸ்காட்லாந்துக்காரர். நம் பாடநூல்களில் இடம்பெறாத மனிதர். இடம்பெற்றிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பட்டு இழைகளில் காந்தங்களைத் தொங்கவிட்டு, அவை எவ்வளவு திரும்புகின்றன என்பதை மணிக்கு மணி, இரவும் பகலும் குறிக்க ஏற்பாடு செய்தார். உள்ளூர் உதவியாளர்களைப் பயிற்றுவித்தார். உயரம் கூடினால் காந்தம் மாறுகிறதா என்று பார்க்க அகத்தியமலை உச்சியில், கடல்மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கும் மேலே, இன்னொரு ஆய்வுக்கூடம் அமைத்தார். அது 1855-ல் தொடங்கியது. பாபநாசம் பக்கத்திலிருந்து நாம் பொதிகை என்று அண்ணாந்து பார்க்கும் அதே மலைதான். காட்டுப் பாதையில் கருவிகளைச் சுமந்து ஏறி, மழையிலும் குளிரிலும் மேகத்துக்குள் உட்கார்ந்து அந்த உதவியாளர்கள் எண்களைக் குறித்தார்கள். திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தைத் தொடங்கிவைத்ததிலும் ப்ரூனுக்குப் பங்குண்டு. அவர் 1865-ல் ஊர் திரும்பினார். பதிவுகளோ 1869 வரை தொடர்ந்தன. அவற்றின் ஒரு பகுதி 1874-ல் லண்டனில் பெரிய நூலாக அச்சாயிற்று.

அந்த எண்களிலிருந்து ப்ரூன் கண்டெடுத்தவற்றில் மூன்று நம் கதைக்கு முக்கியம்.

காந்தப் புலத்தின் கிடைமட்ட விசை நாளுக்கு நாள் ஏறி இறங்குவது திருவனந்தபுரத்துக்கு மட்டும் உரியதல்ல. உலகின் மற்ற ஆய்வுக்கூடங்களிலும் அதே நாள்களில் அதே ஏற்ற இறக்கம் தெரிகிறது என்று அவர் காட்டினார். இது முதலாவது. இன்று காந்தப் புயல்களின் கடுமையை உலகம் ஒரே எண்ணால் அளப்பது இந்த உண்மையின் மேல் நின்றுதான். அந்த ஏற்ற இறக்கம், சூரியன் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும் காலத்தை ஒட்டி, ஏறத்தாழ 26 நாள்களுக்கு ஒருமுறை திரும்பி வருவதைக் கண்டது இரண்டாவது. 10 மீட்டரில் ஒரு நல்ல நாள் வாய்த்தால் 27 நாள் கழித்து வரும் நாளைக் காலண்டரில் குறித்துவைக்கும் பழக்கம் ஹாம்களுக்கு உண்டு. சூரியனின் அதே முகம் திரும்பி வரும் நாள் அது. மூன்றாவது, சந்திரனும் காந்த ஊசியை அசைக்கிறது என்பது. அசைவு மிக நுண்ணியது. ஆயிரக்கணக்கான பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். ப்ரூனிடம் ஆயிரக்கணக்கான பதிவுகள் இருந்தன.

1878-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குப் பதக்கம் தந்தது. மறு ஆண்டே அவர் இறந்தார். ஊசி ஏன் அசைகிறது என்பதற்கு அவர் காலத்தில் விடை இல்லை. 1882-ல் பால்ஃபர் ஸ்டூவர்ட் என்ற இயற்பியலாளர், பூமிக்கு வெகு உயரத்தில் காற்றில் மின்னோட்டம் ஓடுகிறது, அதுதான் ஊசியை அசைக்கிறது என்று எழுதினார். இருபது ஆண்டு கழித்து, மார்க்கோனியின் அலைகள் அட்லாண்டிக்கைத் தாண்டிய பிறகு, அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் வானில் ஒரு மின்படலம் இருக்க வேண்டும் என்றார்கள். ஊசிக்காரர்களும் ரேடியோக்காரர்களும் வெவ்வேறு வாசல் வழியாக ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த வீட்டுக்கு இன்று அயனி மண்டலம் என்று பெயர். 1924-ல் ஆப்பிள்டன் இங்கிலாந்தில் அதன் உயரத்தை ரேடியோ அலையால் அளந்தார். 1930-களில் கல்கத்தாவில் எஸ்.கே.மித்ரா அதையே தம் வாழ்க்கைப் பணியாக்கிக்கொண்டார்.

காந்த நடுக்கோட்டின் விசித்திரம் பிடிபட்டது தென் அமெரிக்காவில். பெரு நாட்டில் ஹுவான்காயோ என்ற மலை ஊரில் 1922-ல் அமெரிக்காவின் கார்னகி நிறுவனம் ஒரு காந்த ஆய்வுக்கூடம் அமைத்தது. அங்கே கிடைமட்ட விசையின் பகல்நேர ஏற்றம், எதிர்பார்த்ததைப் போலச் சுமார் இரு மடங்காக இருந்தது. 1938-ல் அதே ஊரில், அயனி மண்டலத்தை நோக்கி அனுப்பிய ரேடியோத் துடிப்புகள் சூரியன் மறைந்த பிறகு சிதறித் திரும்பி வருவதை புக்கர், வெல்ஸ் என்ற இருவர் கண்டார்கள். 1946-ல் ஆப்பிள்டன் இன்னொரு புதிரை எழுதினார். சூரியன் நேர் மேலே இருக்கும் இடத்தில்தானே எலக்ட்ரான்கள் அதிகம் இருக்க வேண்டும்? காந்த நடுக்கோட்டின் மேல் அவை குறைவாகவும், அதற்கு வடக்கிலும் தெற்கிலும் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் அளவு தள்ளி அதிகமாகவும் இருக்கின்றனவே? அதே ஆண்டு மித்ராவும் கல்கத்தாவிலிருந்து இதற்கு ஒரு விளக்கம் முன்வைத்தார். மேலே உண்டாகும் எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு இரு பக்கமும் வழிந்துவிடுகின்றன என்பது அதன் சாரம்.

பின்னால் வந்தவர்கள் அந்த விளக்கத்தை முழுமையாக்கினார்கள். நடப்பது இதுதான். பகலில் சூரிய வெப்பத்தால் உயர்காற்று அசைகிறது; காந்தப் புலத்துக்குள் அசையும் மின்காற்று மின்சாரம் உண்டாக்குகிறது. காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் இடத்தில் இந்த மின்சாரம் மேலேயும் கீழேயும் தப்பிக்க வழியில்லாமல் குவிந்து, தரையிலிருந்து சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், சில நூறு கிலோமீட்டர் அகலத்தில், கிழக்கு நோக்கிப் பெருக்கெடுத்து ஓடுகிறது. 1951-ல் சிட்னி சாப்மன் இதற்கு 'ஈக்குவடோரியல் எலெக்ட்ரோஜெட்' என்று பெயர் வைத்தார். நடுக்கோட்டு மின்தாரை எனலாம். பகல்தோறும் திருவனந்தபுரத்தின் மேலே, நாகர்கோவில், திருநெல்வேலி மேலே, கண்ணுக்குத் தெரியாமல் ஓடுவது அந்தத் தாரை. ப்ரூனின் ஊசியை நண்பகலை ஒட்டித் தள்ளியது அதுதான்.

இந்தத் தாரையை ஓட்டும் மின்புலம் இன்னொரு வேலையும் செய்கிறது. அதற்கு மேலே, 300 கிலோமீட்டர் உயரத்திலுள்ள எஃப் படலத்தின் எலக்ட்ரான்களை மேல்நோக்கித் தூக்குகிறது. தூக்கப்பட்டவை காந்தக் கோடுகளின் வழியே வடக்கிலும் தெற்கிலும் இறங்கிக் குவிகின்றன. நடுவில் பள்ளம். திருவனந்தபுரத்தின் நண்பகல் தொய்வு இந்தப் பள்ளம்தான். தூக்கிய எலக்ட்ரான்கள் வடக்கே எங்கே போய்க் குவிகின்றன என்று பார்த்தால், ஏறக்குறைய அகமதாபாத் வட்டாரத்தில். விக்ரம் சாராபாய் 1947-ல் தம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கிய ஊர் அது. இந்திய விண்வெளி ஆய்வு முகட்டில் பிறந்து பள்ளத்துக்கு இறங்கி வந்தது என்று சொன்னால் புவியியலில் அது பிழையில்லை.

இரவுப் படபடப்புக்கு வருவோம். சூரியன் மறையும் நேரத்தில் அந்த மின்புலம் அணைவதற்கு முன் ஒரு கணம் எகிறுகிறது. எஃப் படலம் விறுவிறுவென்று மேலே போகிறது. 400 கிலோமீட்டரையும் தாண்டும். கீழே அடி வெறுமையாகிவிடுகிறது. எண்ணெயின் மேல் தண்ணீரை ஊற்றியது போல, கனமானது மேலேயும் லேசானது கீழேயும் நிற்கும் அந்த நிலை நீடிக்காது. கீழிருந்து குமிழிகள் கிளம்பி மேலே துளைத்துக்கொண்டு ஏறுகின்றன. எலக்ட்ரான் இல்லாத அந்தக் குமிழிகளின் ஓரங்களில் பட்டுச் சிதறும் ரேடியோ அலை பல வழிகளில் வந்து சேர்கிறது. வழிகள் நொடிக்கு நொடி மாறுகின்றன. காதில் விழுவது படபடப்பு. இன்று இதே குமிழிகள்தான் தென்னிந்தியாவில் மாலை நேரத்து ஜி.பி.எஸ். சிக்னல்களையும் குலைக்கின்றன.

இதையெல்லாம் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற வேட்கைதான் திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவை ராக்கெட் ஏவும் இடமாகக் கண்டெடுத்தது. தும்பாவின் கதையைச் சொல்லும்போது சைக்கிளில் ராக்கெட் பாகத்தை வைத்துத் தள்ளிய படத்தையும், தேவாலயத்தை அலுவலகமாக்கிய நிகழ்ச்சியையும் சொல்கிறோம். இரண்டும் உண்மை, இரண்டும் அழகு. ஆனால் ஏன் தும்பா என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். காந்த நடுக்கோடு அந்த மீனவக் கிராமத்தின் மேல் போகிறது என்பது ஒன்றே காரணம். ராக்கெட்டை நேராக மேலே விட்டால் அது மின்தாரையைத் துளைத்துக்கொண்டு போகும்.

அதற்கான தரை ஆயத்தங்கள் ஏற்கெனவே நடந்திருந்தன. 1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரை உலக நாடுகள் சேர்ந்து நடத்திய சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி, 1957-ல் திருவனந்தபுரத்திலும் அண்ணாமலைநகரிலும் காந்த ஆய்வுக்கூடங்கள் திறக்கப்பட்டன. கோடைக்கானலில் அயனி மண்டலத்தை அளக்கும் கருவி 1950-களிலேயே இயங்கியது. அந்த 1957-58 காலம், சூரியப் புள்ளிகளைக் கணக்கிடத் தொடங்கிய நாள் முதல் கண்ட உச்சங்களிலேயே பெரிய உச்சம். 10 மீட்டர் பேண்டின் பொற்காலம் என்று மூத்த ஹாம்கள் இன்றும் சொல்வது அந்தக் காலத்தைத்தான். போரில் மிஞ்சிய ராணுவ ரிசீவர்களை வாங்கிப் பழுதுபார்த்து, டிரான்ஸ்மிட்டரைக் கையாலேயே கட்டி, சின்னஞ்சிறு மின்திறனில் கண்டம் கடந்து பேசிய தலைமுறை அது. வெளிநாட்டுக் கருவியை இறக்குமதி செய்யச் சாமானியருக்கு வழியில்லை. உரிமம் கைக்கு வரப் பலருக்கு ஆண்டுக்கணக்கில் ஆனது. நாடு விஞ்ஞானிகளைத் தேடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் வீட்டுக்கு வீடு உருவாகியிருக்கக் கூடிய ரேடியோ மாணவர்களைக் காகிதங்கள் தடுத்தன. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

1963 நவம்பர் 21. மாலையில் தும்பாவிலிருந்து அமெரிக்கத் தயாரிப்பான நைக்-அப்பாச்சி ராக்கெட், பிரெஞ்சு விஞ்ஞானிகள் தந்த சோடியம் ஆவியைச் சுமந்துகொண்டு இருநூறு கிலோமீட்டருக்கும் மேலே ஏறியது. அந்தியில் அந்த ஆவி செம்மஞ்சள் நிறத்தில் ஒளிர்ந்ததைக் கேரளத்தில் மக்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். உயர்காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்பதை அளப்பதற்காக விட்ட மேகம் அது. 1964-ல் காந்தமானிகளைச் சுமந்த ராக்கெட்டுகள் போயின. அமெரிக்க நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தினரோடு அகமதாபாத்தின் டி.எஸ்.ஜி.சாஸ்திரி சேர்ந்து செய்த அளவீடு அது. நூறு கிலோமீட்டரைத் தாண்டியதும் காந்தமானியின் எண் மாறியது. ராக்கெட் மின்தாரைக்குள் நுழைந்து வெளியேறியது. ப்ரூனின் ஆள்கள் கீழேயிருந்து ஊசியில் பார்த்ததை, நூறாண்டு கழித்து, அதே ஊரிலிருந்து, அதற்குள்ளேயே போய் அளந்தார்கள். 1968 பிப்ரவரி 2 அன்று பிரதமர் இந்திரா காந்தி தும்பா ஏவுதளத்தை ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணித்தார். எந்த நாட்டு விஞ்ஞானியும் வந்து காந்த நடுக்கோட்டைப் படிக்கலாம் என்பது அதன் பொருள்.

சந்திரனும் திரும்பி வந்தது. சில நாள்களில், பெரும்பாலும் பிற்பகலில், மின்தாரை நின்று எதிர்த்திசையில் ஓடத் தொடங்கும். 1960-களில் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் இது கவனிக்கப்பட்டது. ஆர்.ஜி.ரஸ்தோகி உள்ளிட்ட இந்திய ஆய்வாளர்கள் அதைத் தொடர்ந்து படித்து, இந்தத் தலைகீழ் ஓட்டத்துக்கும் சந்திரனின் கலைகளுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள். 2010 ஜனவரி 15 அன்று திருவனந்தபுரத்தின் மேல் கங்கண சூரிய கிரகணம் நடு மதியத்தில் நிகழ்ந்தபோது, தும்பாவிலிருந்து ரோகிணி ராக்கெட்டுகள் கிளம்பின. அன்றும் தாரை திசை மாறியது. தும்பாவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்திலுள்ள விண்வெளி இயற்பியல் ஆய்வுக்கூடம் இதற்கென்றே 18 மெகாஹெர்ட்ஸில் ஒரு ரேடாரை இயக்கியிருக்கிறது. ஹாம்களின் 17 மீட்டர் பட்டைக்கு அடுத்த வீடு அது. நம் பக்கத்தில், திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் 1990-களிலிருந்து இதே வேலையில் இருக்கிறது. நெல்லை மாணவர்கள் எத்தனை பேருக்கு அது தெரியும்?

விஞ்ஞானிகளின் ராக்கெட் ஒரு சில நிமிடம் பறக்கும். ஹாம் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார். இந்த வேறுபாடு பெரிது. 1947-ல் மெக்சிகோவின் ஹாம்களும் அர்ஜென்டினாவின் ஹாம்களும் 50 மெகாஹெர்ட்ஸில் ஒருவரை ஒருவர் கேட்டார்கள். அன்றைய கணக்குப்படி அந்த அலைவரிசை அவ்வளவு தூரம் போகவே கூடாது. காந்த நடுக்கோட்டின் இருபுறமும் உள்ள எலக்ட்ரான் முகடுகளில் பட்டுத் தாவி அலை கடந்தது பின்னர்தான் புரிந்தது. புத்தகம் எழுதப்படும் முன்பே அமெச்சூர்கள் அதைப் பேசி நிரூபித்துவிட்டார்கள். திருவனந்தபுரத்து ஹாமுக்கு இதில் ஒரு நஷ்டமும் உண்டு. அந்தத் தாவலின் இரு முனைகளும் நடுக்கோட்டிலிருந்து சரிசமமான தொலைவில், இரண்டாயிரம் மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நடுக்கோட்டிலேயே உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேலே அலை போய்விடும்; அவர் காதில் விழாது.

பக்கத்து ஊர் கேட்காமல் தூரதேசம் கேட்பது சிற்றலையின் இயல்பு. கொழும்பில் 4எஸ்7பி என்ற கலங்கரை நிலையம் ஒன்று உண்டு. உலகெங்கும் பதினெட்டு இடங்களில் இப்படி வைத்திருக்கிறார்கள். 14 மெகாஹெர்ட்ஸிலிருந்து 28 மெகாஹெர்ட்ஸ் வரை ஐந்து அலைவரிசைகளில், முறை வைத்துக்கொண்டு, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பத்து நொடி மோர்ஸ் அனுப்புகின்றன. எந்த நிலையம் கேட்கிறதோ அந்தத் திசை திறந்திருக்கிறது என்று பொருள். திருவனந்தபுரத்திலிருந்து கொழும்பு நானூறு கிலோமீட்டர்கூட இல்லை. 28.2 மெகாஹெர்ட்ஸில் ஜப்பானும் பின்லாந்தும் கேட்கும் நாளில்கூடக் கொழும்பு பெரும்பாலும் கேட்காது. வானில் பட்டுத் திரும்பும் அலை அவ்வளவு பக்கத்தில் இறங்குவதில்லை. பக்கத்தில் பேச 7 மெகாஹெர்ட்ஸுக்கு, அதாவது 40 மீட்டருக்கு இறங்க வேண்டும். கேரளத்து ஹாம்களும் தமிழ்நாட்டு ஹாம்களும் காலையில் கூடிப் பேசும் 'நெட்' பெரும்பாலும் அங்கேதான். வெயில் ஏறினால் கீழ்ப்படலம் அலையை விழுங்கிவிடும். ஐப்பசியில் துலாமழை இடி தொடங்கிவிட்டால் ரிசீவரில் வெடிச்சத்தம்தான்.

இந்த அலை அறிவு பேரிடரிலும் கைகொடுத்தது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அந்தமான் போய் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்தது. அதற்கு முன் வெகுகாலமாக அங்கிருந்து ஹாம் ஒலிபரப்புக்கு அனுமதி இல்லாமல் இருந்தது. உலகமே அவர்களை அழைக்க வரிசையில் நின்றது. டிசம்பர் 26 காலையில் நிலம் அதிர்ந்தது, கடல் ஏறியது. தொலைபேசி செத்தது. அன்றிலிருந்து அந்த நிலையம் விளையாட்டை நிறுத்திவிட்டு, உயிரோடு இருப்பவர்களின் செய்திகளை 20 மீட்டர் பேண்டில் பெருநிலத்துக்கு அனுப்பியது. குழுவில் சிலர் கார் நிக்கோபாருக்குப் போனார்கள். இந்தியாவெங்கும் ஹாம்கள் அந்த அலைவரிசையைக் காலியாக வைத்துக் காத்திருந்து செய்திகளை வாங்கிக் குடும்பங்களுக்குச் சேர்த்தார்கள். 2018-ல் கேரளத்தை வெள்ளம் சூழ்ந்தபோதும் ஹாம்கள் கருவிகளோடு இறங்கினார்கள். எந்த நேரத்தில் எந்தப் பேண்ட் எவ்வளவு தூரம் போகும் என்பது அவர்களுக்கு விரல் நுனியில் இருந்தது. வெறும் பொழுதுபோக்காக அதைப் பழகியிருந்தார்கள்.

2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-6, ஹாம்களுக்கென்றே கட்டிய ஹாம்சாட் என்ற சின்னச் செயற்கைக்கோளையும் ஏற்றிச் சென்றது. பி.எஸ்.எல்.வி. உருவானது திருவனந்தபுரத்தில். 2014 வரை ஹாம்சாட் உலக ஹாம்களின் குரலைச் சுமந்தது. அதைப் பற்றித் தனியாக ஒரு பகுதி எழுத வேண்டும்.

இப்போது வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்திய ஹாம்கள் ஒவ்வொரு பேச்சையும் லாக் புத்தகத்தில் பதிய வேண்டும் என்பது விதி: தேதி, நேரம், அலைவரிசை, எதிர்முனையின் அழைப்புக்குறி, சிக்னலின் தரம். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் மேல் முழுச் சூரிய கிரகணம் கடந்தபோது, அங்குள்ள விஞ்ஞானிகள் ஹாம்களின் பதிவுகளைத் திரட்டியே அயனி மண்டலம் எப்படி மாறியது என்று ஆராய்ந்தார்கள். வியன்னாவில், பேச்சை உறுதிசெய்து அனுப்பும் கியூ.எஸ்.எல். அட்டைகளைச் சேகரித்துக் காக்க ஓர் ஆவணக்காப்பகமே இருக்கிறது. காந்த நடுக்கோட்டின் கீழே, திருவனந்தபுரத்திலும் நாகர்கோவிலிலும் நெல்லையிலும் மதுரையிலும், 1950-களிலிருந்து எழுதப்பட்ட லாக் புத்தகங்கள் அலமாரிகளில் கிடக்கின்றன. எழுதியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ ஹாமாக இருந்திருந்தால், அந்த நோட்டுகளைத் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். 'நெளிந்த சிக்னல், 7.40-க்குப் பேண்ட் மூடியது' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கும் ஒரு வரி, அந்த மாலையின் ஆகாயத்துக்கு இருக்கும் ஒரே சாட்சியாக இருக்கலாம். பக்கம் பக்கமாகப் படமெடுத்து வையுங்கள். அருகிலுள்ள கல்லூரி இயற்பியல் துறையிடமோ ஹாம் சங்கத்திடமோ பேசுங்கள்.

அடுத்த பகுதி 1957 அக்டோபர் 4-ம் தேதி இரவில், 20.005 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும்.